இறங்கிக்கொண்டே போன ஸ்டேஷன்

நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், பை தைக்கிற இந்தக் கோணூசி என் வலது கண்ணில் ஏறட்டும். இடது கண்ணைப் பணயம் வைக்கலாம்தான். ஆனால் அதில் புரை விழுந்து பாதி போய்விட்டது. பாதி போன பொருளை வைத்துச் சத்தியம் செய்தால் சத்தியத்துக்கு என்ன மரியாதை?

எங்கள் கடைவீதியில் யாரும் நடப்பதில்லை. பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்ந்த கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பக்கமும் துணிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை, மறுபடி துணிக்கடை. நடுவில், பூமி வாயைத் திறந்தது போல மெட்ரோ ஸ்டேஷன். அந்த வாயின் ஓரத்தில், கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடத்தில், நான் உட்கார்ந்திருப்பேன். அறுந்த கைப்பிடி, கிழிந்த அடிப்பாகம், பல் போன ஜிப், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பேன். எனக்குப் பல் போனதைச் சரிசெய்யத்தான் ஆள் கிடைக்கவில்லை. மேலே இரண்டு, கீழே ஒன்று மிச்சம். அவை ஒன்றையொன்று சந்தித்துப் பல வருஷம் ஆகிறது.

எனக்கு எதிரே இருக்கும் ஐந்து மாடித் துணிக்கடையில் என் தங்கச்சிக்கு வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டதை மடித்து வைப்பாள். காலையில் மடித்ததையே மாலையிலும் மடிப்பாள். வேலை செய்கிற பெண்கள் அங்கே உட்காரக் கூடாது. மாடிக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் ஒரு பொம்மை புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.

தங்கச்சி புருஷன், அதாவது என் மாப்பிள்ளை, பூமிக்குக் கீழே. ஸ்டேஷனின் எஸ்கலேட்டர் மெக்கானிக். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, இரண்டும் அவன் பொறுப்பு. எஸ்கலேட்டர் லேசாக முனகினால்கூட ஓடிப்போய்க் காது வைத்துக் கேட்பான். தங்கச்சி முனகினால் கேட்காது. அது தொழில் பழக்கம், குறை சொல்ல முடியாது.

மத்தியானம் தங்கச்சி கடையிலிருந்து டப்பாவோடு வருவாள். என்னைப் பார்த்து, "அண்ணே, சாப்பிட்டியா?" என்பாள். இல்லை என்றால் மனசு கஷ்டப்படுவாள் என்று, சாப்பிட்டேன் என்பேன். எஸ்கலேட்டரில் இறங்கிப் போவாள். அடியில் ஒரு பெஞ்சு. அதில் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் பேச வேண்டியதை எல்லாம் பேசி ஓய்ந்திருந்தார்கள், இவர்களுக்குப் பேச எதுவும் மிச்சம் இல்லை. மாப்பிள்ளை கடைசிக் கவளத்தை அவளுக்கு விட்டுவிட்டுக் கையை மட்டும் கழுவுவான். டப்பாவை ஒருநாளும் கழுவியதில்லை. அவள் எச்சில் டப்பாவோடு மேலே வருவாள். அந்த ஒரு டப்பாதான் அவர்கள் குடும்பம்.

ஒருநாள் அவள் மேலே வந்து, என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"இன்னிக்கு இறங்கறதுக்குள்ள கால் கடுத்துப் போச்சு அண்ணே."

"எஸ்கலேட்டர்ல சும்மா நின்னுக்கிட்டுத்தானே போற?"

"அதான் சொல்றேன். நின்னு நின்னே கடுத்துப் போச்சு. இவ்ளோ நேரம் ஆனதே இல்ல."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வேலை முடிந்து மேலே வந்தபோது அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாயை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"ஸ்டேஷன் இறங்குது மச்சான்."

"எங்கே இறங்குது?"

"கீழதான். வேற எங்க இறங்கும்? காலையில பார்த்தா, கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவுல கை நுழையுது. ஒரு படி சேர்த்து மாட்டினேன். ஆபீசர் வந்து பார்த்தார்."

"என்ன சொன்னார்?"

"'இறங்குதுன்னு வெளிய சொல்லாதய்யா, ஆழமாகுதுன்னு சொல்லு'ன்னார்."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. பை தைக்கிறவனுக்குக் கனம் என்றால் என்னவென்று தெரியும். நீங்களே யோசித்துப் பாருங்கள். ரயிலில் வந்து மேலே ஏறுகிறவர்கள் வெறுங்கையோடு ஏறுகிறார்கள். திரும்பி இறங்கும்போது இரண்டு கையிலும் பை, அக்குளில் ஒரு பை, பிள்ளையின் தலையில் ஒரு பை. வருஷக்கணக்காக மேலே இருந்த கனமெல்லாம் கீழேதான் இறங்குகிறது. அதுதான் ரயிலில் ஏறிப் போய்விடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். பை போகிறது, கனம் போவதில்லை. பையைக் கீழே வைத்த பிறகும் தோள் வலிக்கிறதா இல்லையா? அது மாதிரிதான்.

முதலில் மாதம் ஒரு படி. பிறகு வாரம் ஒரு படி. கடைகள் மேலே இன்னொரு மாடி கட்டினால் ஸ்டேஷன் கீழே ஒரு மாடி இறங்கும். ஜனங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் கையில் ஃபோன் இருக்கிறது. எஸ்கலேட்டரில் நின்றால் முடிகிற இடத்தில் அதுவே காலை இடறிச் சொல்லும் என்று போனார்கள். காது அடைத்துக்கொண்டது என்றார்கள். அவ்வளவுதான். ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர்கள்தான் வெளுக்கத் தொடங்கினார்கள். சாயங்காலம் மேலே வந்தால் ஓடு உரித்த அவித்த முட்டை மாதிரி இருப்பார்கள். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல், சுவரைத் தடவிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவார்கள்.

ஒருவர் தன் சின்ன மகளுக்குக் கவுன் வாங்கிக்கொண்டு இறங்கினார். அவர் இறங்கி முடித்து, ரயில் பிடித்து, வீடு போய்ச் சேர்ந்தபோது கவுன் அந்தப் பெண்ணின் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அவ்வளவு வளர்ந்துவிட்டிருந்தாள். அவரைப் பார்த்து, யார் என்று கேட்டாளாம். அவர் திரும்ப வந்து கடையில் மாற்றித் தரச் சொன்னார். பில் இல்லாமல் முடியாது என்றுவிட்டார்கள். அந்தக் கவுனை என்னிடம் கொண்டுவந்து, "இதை ஒரு பையாவாவது தைச்சுக் குடுங்க" என்றார். தைத்துக் கொடுத்தேன். பூப்போட்ட நல்ல பை. அதை வாங்கிக்கொண்டு அவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என் எதிரிலேயே வெகுநேரம் நின்றார்.

தங்கச்சிக்கும் சிக்கல் வந்தது. இறங்கி ஏறவே சாப்பாட்டு நேரம் சரியாகிவிட்டது. நடுவில் சாப்பிட நேரமில்லை. அதனால் இறங்குகிற எஸ்கலேட்டரிலேயே தன் பங்கைச் சாப்பிட்டுவிடுவாள். கீழே போய் டப்பாவை அவன் கையில் கொடுத்து, அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே ஏறுகிற எஸ்கலேட்டரில் திரும்ப வேண்டும். அப்படியும் தாமதமாகிச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவாள்.

"ரெண்டு நிமிஷம் முகத்தைப் பார்க்கறதுக்கா இந்தப் பாடு?" என்றேன்.

"பார்க்காம இருந்தா மறந்துரும் அண்ணே" என்றாள். யாருக்கு மறக்கும் என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்குப் படிகள் தீர்ந்துபோயின. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். எஸ்கலேட்டர் என்ன செடியா, வளர்வதற்கு என்று பதில் வந்தது. அடுத்த ஸ்டேஷனின் ஸ்டோரில் உபரிப் படிகள் கிடந்தன. அந்த ஸ்டோருக்குப் பொறுப்பு ஒரு அம்மா. ரொம்ப உதவுகிற மனசு என்று மாப்பிள்ளை சொல்வான். ரயிலில் ஒரே நிறுத்தம். இவன் போய்ப் படியைத் தோளில் வைத்துக்கொண்டு வருவான். போகப் போக அடிக்கடி போக வேண்டியிருந்தது. சில நாள் போய்விட்டுப் படி இல்லாமலே வருவான். ஆனால் சட்டையில் கிரீஸ் கறை இருக்காது. அந்த ஸ்டேஷனில் நல்ல சோப்பு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெரிய தள்ளுபடி விற்பனை வந்தது. பாதி விலை என்று வீதி முழுக்கத் துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். ஜனங்கள் வந்ததை வர்ணிக்க எனக்குத் தெரியாது. வெளிச்சம் கீழே விழ இடமில்லாமல் தலைகளுக்கு மேலேயே நின்றது. என்னை உட்கார்ந்த இடத்திலிருந்து தள்ளி, ஸ்டேஷனுக்குள் தள்ளி, மறுபடி வெளியே தள்ளி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஊசி கையிலேயே இருந்தது. நடுவில் யாருடைய பாக்கெட்டையோ என் வேட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தேன்.

அன்றைக்கு ஸ்டேஷன் ஒரேயடியாக இறங்கியது. இறங்குகிற எஸ்கலேட்டர் தரையைத் தொடாமல் ஓர் ஆள் உயரத்தில் முடிந்தது. நிறுத்தியிருக்கலாம். கூட்ட நேரத்தில் எஸ்கலேட்டரை நிறுத்தக் கூடாது என்பது வணிகர் சங்கத்துக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள ஒப்பந்தம். அது ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் நிற்கிறவர்களை விளிம்பில் கொண்டுபோய்க் கொட்டியது. அவர்கள் மேல் அடுத்தவர்கள், அவர்கள் மேல் பைகள், பைகள் மேல் அடுத்தவர்கள். மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்று போனார்கள்.

குவியலைப் பிரித்தபோது அடியில், துணி வாங்க வந்த ஒரு அம்மா இருந்தார். மூச்சு இல்லை. பையை மட்டும் விடவில்லை. அதன் கைப்பிடி அறுந்திருந்தது. யாரோ அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். அறுந்ததைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. தைத்துவிட்டேன். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. என் தலைக்கு மேல் ஆணியில் அது தொங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. சின்னப் பொருள்தான், ஆட்டினால் சத்தம் வரும்.

மறுநாள் எஸ்கலேட்டர்கள் ஓடுமா என்று கேட்கச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். தள்ளுபடிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆபீசர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"படி எங்கிருந்தாவது கொண்டு வாய்யா."

"பக்கத்து ஸ்டேஷன்லயும் தீர்ந்து போச்சு சார்."

"அப்ப என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு."

மாப்பிள்ளை அதற்கு ஒரு வழி சொன்னான். அந்த வழி எஸ்கலேட்டர் மெக்கானிக்குக்கு மட்டும்தான் தோன்றும். ஏறுகிற எஸ்கலேட்டரிலிருந்து படிகளைக் கழற்றி, இறங்குகிற எஸ்கலேட்டரில் சேர்ப்பது. விழுந்து சாகிறதைவிட ஏற முடியாமல் நிற்பது மேல் என்று அவன் கணக்கு. அதில் தப்பில்லை. ஒரே ஒரு விஷயம், படியைக் கடைசியாகப் பூட்டுவது அடியில் நின்றுதான் முடியும். மேலே நின்றுகொண்டு பூட்ட முடியாது. பூட்டி முடிக்கிறவன் ஏறுகிற எஸ்கலேட்டர் இல்லாத பக்கம் நின்றுகொண்டிருப்பான்.

அன்று மத்தியானம் அவன் கீழே இறங்கவில்லை. மேலேயே தங்கச்சிக்காகக் காத்திருந்தான். என் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து இருவரும் டப்பாவைத் திறந்தார்கள். அதனால் அவர்கள் பேசியதை நான் என் காதால் கேட்டேன்.

"ஏறுற படியைக் கழட்டி இறங்குறதுல மாட்டப் போறேன்" என்றான்.

"அப்ப நீங்க எப்படி ஏறி வருவீங்க?"

"ஏதாவது வழி பண்ணி வர்றேன்."

"ஏதாவதுன்னா?"

"நீ சாப்பிடு."

"நீங்க சாப்பிடலையா?"

"பசிக்கல."

அவள் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். பிறகு கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். வீட்டிலிருந்து இரண்டு நல்ல சட்டையும் மடித்துக் கொண்டுவந்திருந்தான். கீழே குளிர் அதிகம் என்றான். என்னைப் பார்த்து, "வரட்டுமா மச்சான், பார்த்துக்குங்க" என்றான். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறங்குகிற எஸ்கலேட்டரில் போய் நின்றான். அவன் தலை எங்கள் காலளவுக்கு இறங்கியது, பிறகு தெரியவில்லை. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் பெட்டி இருந்தால் திரும்புவது சிரமம்.

படிகளை மாட்டினான். அதில் சந்தேகமில்லை, அன்று சாயங்காலம் ஒருவரும் விழவில்லை. ஆனால் ஏறுகிற எஸ்கலேட்டர் இப்போது பாதியிலேயே தொங்கியது. ரயிலில் வந்தவர்கள் அதன் நுனியை அண்ணாந்து பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். பாதி விலை என்றால் மனிதனால் முடியாதது இல்லை. அடியில் நின்று தோள் கொடுத்தவர்களை மேலே போனவர்கள் தூக்கிவிடுவதாகச் சொல்லிப் போனார்கள். கடைக்குள் நுழைந்ததும் மறந்துவிட்டார்கள். அப்படிக் கீழேயே நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ. ஸ்டேஷன் இறங்கிக்கொண்டேயிருந்தது. அவர்கள் கூப்பிடுவது முதலில் கூச்சலாகக் கேட்டது, பிறகு முணுமுணுப்பாக, பிறகு ரயில் காற்றோடு கலந்துவிட்டது.

சங்கத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஆள் கீழே மாட்டிக்கொண்டதற்காக இல்லை, ஆள் மேலே வராததற்காக. ஆபீசர் வாசலில் ஒரு பலகை வைத்தார்: "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." ரயில் அங்கே நிற்காமல் போக உத்தரவாயிற்று. கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார்கள். தள்ளுபடிக்கு வந்தவர்கள் பஸ்ஸில் வர ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் ஜனங்களுக்கு அந்த இடத்தில் ஸ்டேஷன் இருந்ததே மறந்துபோயிற்று. பூட்டிய கதவில் ஒருவன் பெல்ட்டுகளை மாட்டி விற்றான்.

தங்கச்சி மட்டும் கதவு பூட்டிய மறுநாளும் மத்தியானம் டப்பாவோடு வந்தாள். கதவின் முன்னால் நின்றாள்.

"அவர் நேத்தும் சாப்பிடல அண்ணே."

ஊசியை எடுத்தேன். அவள் கடையில் வெட்டி எறிகிற துணி ஓரங்களைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றை முறுக்கி, நுனிக்கு நுனி தைத்துக் கயிறாக்கினேன். சிவப்பு, பச்சை, கோடு போட்டது, பூப்போட்டது என்று பாதாளம் வரை போகிற கயிறு. கம்பிக் கதவின் அடியில் டப்பா போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அவளே இறக்கினாள். கை ஓயும் வரை இறக்கினாள். அடியில் தட்டுகிற சத்தம் கேட்பதற்குள் அவளுடைய நேரம் முடிந்துவிட்டது.

"நீ போம்மா. நான் இழுத்து வைக்கறேன்" என்றேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது டப்பாவைக் கொடுத்தேன். காலி. சுத்தமாகக் கழுவி, துடைத்து, மூடியிருந்தது. அவள் அதை வாங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே முகம் தெரிந்தது.

"அவர் டப்பா கழுவினதே இல்லையே அண்ணே."

"கீழ போனா மனுஷன் மாறிருவான்மா."

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. சூப்பர்வைசர் அவள் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துவிட்டான். அவள் ஓடிவந்து டப்பாவை என்னிடம் வைத்துவிட்டு ஓடுவாள். நான் இறக்குவேன். சாயங்காலம் கழுவிய டப்பாவைக் கொடுப்பேன். மழையானாலும் சரி, பெல்ட்காரன் கதவடியில் கடை விரித்திருந்தாலும் சரி, ஒருநாள் தவறியதில்லை. அந்தச் சமயத்தில்தான் எனக்கும் கொஞ்சம் சதை போட்டது. உட்கார்ந்தே வேலை செய்தால் அப்படித்தான்.

அவள் கேள்வி கேட்பாள். நான் கயிற்றின் வழியே கேட்டுச் சொல்வேன்.

"உப்பு சரியா இருந்துச்சாமா?"

"கொஞ்சம் கம்மியாம்."

"அவர் எப்பவும் உப்பு கம்மியாத்தானே சாப்பிடுவார்?"

"பாதாளத்துல நாக்குக்கு உறைக்காதாம்."

"எப்ப மேல வர்றாராம்?"

"படி தேடிக்கிட்டு இருக்காராம்."

இதைக் கேட்டுவிட்டு அவள் கடைக்குள் போவாள். நான் இங்கிருந்து பார்ப்பேன். இரண்டாவது மாடிக் கண்ணாடியில் அவள் நிற்பது தெரியும். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு நிற்பாள். பக்கத்தில் அந்தப் பொம்மை உட்கார்ந்திருக்கும். அவள் மடித்து வைப்பாள், யாரோ பிரிப்பார்கள், மறுபடி மடிப்பாள். இளைத்துக்கொண்டே போனாள். டப்பா மட்டும் இளைக்கவில்லை. நாளுக்கு நாள் அழுத்தி அடைத்துக் கொண்டுவந்தாள்.

ஒருநாள் டப்பா இல்லாமல் வந்தாள். தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். தோளில் பை.

"அரைநாள் லீவு சொல்லிட்டேன் அண்ணே. பஸ்ல அடுத்த ஸ்டேஷனுக்குப் போறேன்."

என் கையில் ஊசி நின்றது.

"அங்க எதுக்கு?"

"அங்கேர்ந்து சுரங்கத்துக்குள்ள நடந்து போய்ப் பார்க்கறேன். ஒரு ஸ்டேஷன் தூரம்தானே? நடந்தா வராதா?"

"ரயில் ஓடுற இடம்மா அது. உள்ள விடமாட்டாங்க."

"விடலைன்னா அங்க யாரையாவது கேக்கறேன். ஸ்டோர்ல ஒரு அம்மா இருக்காங்கன்னு சொல்வாரே, ரொம்ப உதவற மனசுன்னு. அவங்களையே கேக்கறேன்."

நான் அவள் பையைப் பார்த்தேன். கைப்பிடி ஓரத்தில் நூல் விட்டிருந்தது.

"இந்தக் கைப்பிடியோட எங்க போவ? நடுரோட்டுல அறுந்துரும். குடு, தைச்சுத் தர்றேன்."

கொடுத்தாள். கம்பியில் சாய்ந்து நின்றாள். நான் தைக்க ஆரம்பித்தேன். என் ஆயுளில் எந்தக் கைப்பிடியையும் அவ்வளவு நன்றாகத் தைத்ததில்லை. ஒரு தையல் போட்டு, கோணலாக இருப்பதாகப் பிரித்து, மறுபடி போட்டேன். நூல் போதாது என்று வேறு நூல் தேடினேன். மெழுகு தேடினேன். ஊசியின் காதில் நூல் கோக்கப் புரைக்கண்ணைப் பயன்படுத்தினேன். வீதியில் ஜனங்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். பெல்ட்காரன் விலையைக் கூவினான். தையலின் மேல் தையல், அதன் மேல் தையல். கைப்பிடி மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

அவள் அவசரப்படுத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. வெயில் இறங்கி, எதிர்க்கடையில் விளக்கு போட்டார்கள்.

"அண்ணே" என்றாள்.

"இதோ, ஒரு தையல்தான் பாக்கி."

"அவர் நல்லா சாப்பிடறாரா?"

"மிச்சமே வைக்கறதில்லம்மா."

"ம்." கம்பியிலிருந்து நிமிர்ந்து நின்றாள். "இந்நேரம் அவருக்குப் பல்லெல்லாம் போயிருக்கும்ல?"

நான் நூலைக் கடித்து அறுக்கப் பார்த்தேன். மேலே இரண்டும் கீழே ஒன்றும் அதற்குப் போதாது. கத்தரிக்கோலைத் தேடினேன். அவளே குனிந்து, என் மடியில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டிவிட்டாள்.

"போயிருக்கும்" என்றேன். "மேல ரெண்டு, கீழ ஒண்ணு இருந்தா அதிகம்."

"அப்ப நாளையிலேர்ந்து சோத்தைக் குழைய வடிக்கறேன்" என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தின் பக்கம் போகவில்லை. வீடு இருக்கிற பக்கம், ஜனங்கள் தள்ளத் தள்ள, நடந்து போனாள்.

மறுநாள் மத்தியானம் டப்பா வந்தது. சோறு வெண்ணெய் மாதிரி குழைந்திருந்தது. உப்பு சரியாக இருந்தது என்று கீழேயிருந்து தகவல் வந்தது. அன்றைக்கும் அவள் வழக்கம்போல, "அண்ணே, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். முதன்முறையாக அவள் அதை நம்பினாள். இன்றைக்கும் கயிறு கதவில்தான் கட்டியிருக்கிறது. சந்தேகமிருந்தால் வந்து தொட்டுப் பாருங்கள். என் வலது கண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை அடுத்த ஸ்டேஷனில்தான் வேலை பார்க்கிறான். மத்தியானம் அவனுக்கு அந்த ஸ்டோர் அம்மா வீட்டு டப்பா.